தண்டவாளத்திற்குக் கீழே ஒரு பயணம்

ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் தொங்கு ரயிலுக்குள் முதன்முறையாகக் காலெடுத்து வைத்தபோது, பெட்டியின் தரை என் எடைக்கு இசைந்து மிக மெல்ல விலகிக்கொடுத்தது. கரையிலிருந்து படகில் ஏறும்போது படகு கொடுக்கும் அசைவு போன்றதுதான் அது. ஆனால் ரயில் என்றால் அசையாமல் நின்று நம்மை ஏற்றிக்கொள்ளும் என்று உடம்பு நெடுநாளாகப் பழகியிருந்ததால், அந்தச் சிறு ஊசலாட்டத்திற்கே என் கை தானாகக் கம்பியைத் தேடியது. எனக்குப் பின்னால் ஏறிய பெண்மணி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. 1901 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விந்தையைப் பார்க்கப் போனவனுக்கு, அதில் பயணம் செய்பவர்களுக்கு அது விந்தையே அல்ல என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது.

அன்றிலிருந்து தொங்கும் மோனோரயில்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க ஓர் எண்ணம் வலுப்பட்டது. இந்த வகை ரயிலை எல்லா நகரங்களுக்குமான நாளைய வாகனம் என்று முன்வைத்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் தோற்றுப்போனார்கள்; வேறெதற்கும் இடங்கொடுக்காத ஒரு நிலத்தில் வேறு வழியின்றி இதைக் கட்டியவர்களின் ரயில்கள் இன்னும் ஓடுகின்றன.

மோனோரயில் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு குடும்பங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, கான்கிரீட் உத்தரத்தின் மேல் சேணம்போலக் கவிந்து ஓடுவது. டோக்கியோவின் விமான நிலைய ரயிலும் சியாட்டில் நகர ரயிலும் இந்த வகை. மற்றொன்று, உத்தரத்திலிருந்து வௌவாலைப்போலத் தொங்கிக்கொண்டு ஓடுவது. இதிலும் இரண்டு பிரிவுகள் உண்டு. வூப்பர்டாலில் இரும்புச் சட்டத்தின் மேல் ஒற்றைத் தண்டவாளம் திறந்த வெளியில் கிடக்கிறது; இருபுறமும் விளிம்புள்ள எஃகுச் சக்கரங்கள் அதன்மேல் உருள, சக்கரச் சட்டகத்திலிருந்து பக்கவாட்டில் வளைந்து இறங்கும் கொக்கி போன்ற கைகள் பெட்டியைத் தாங்குகின்றன. ஜப்பானில் உள்ளவையோ, அடியில் நீளவாக்கில் பிளவுள்ள வெற்றுப் பெட்டி உத்தரத்துக்குள் ரப்பர் டயர்கள் ஓட, அந்தப் பிளவின் வழியாகப் பெட்டியைக் கீழே தொங்கவிடுபவை.

இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். 1821இல் ஹென்றி பால்மர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், மரத்தூண்களின்மேல் செல்லும் ஒற்றைத் தடத்தின் இருபுறமும் தராசுத் தட்டுகளைப்போலச் சுமைப்பெட்டிகள் தொங்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1825இல் இங்கிலாந்தின் செஷன்ட் என்ற ஊரில் அப்படியொரு பாதையில் குதிரை ஒன்று செங்கல் சுமைகளை இழுத்துச் சென்றது. இரு தட்டுகளின் எடையும் ஒத்திருக்க வேண்டும் என்ற தொல்லை அதோடு பிறந்தது. சுமை முழுவதையும் தண்டவாளத்தின் நேர்கீழே கொண்டுவந்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்பதைச் செயலில் நிலைநாட்ட மேலும் முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

தொங்குவதால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் வளைவில்தான் தெரியும். நீர் நிறைந்த வாளியைக் கையில் பிடித்துச் சுழற்றினால் வாளி தானே சாய்ந்துகொள்வதால் நீர் சிந்துவதில்லை. தொங்கும் பெட்டியும் அப்படியே. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 75 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும் பெட்டியின் மீது செயல்படும் பக்கவிசை, புவியீர்ப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தடையின்றித் தொங்கும் பெட்டி அதற்கு ஒன்பதரை பாகை அளவுக்கு வெளிப்புறம் ஊசலாடி நிற்கும். உள்ளே நிற்பவருக்குத் தன் எடை சற்றே கூடியதுபோல் தோன்றுமே தவிர, யாரோ பக்கவாட்டில் தள்ளுவதுபோல் இருக்காது. சாதாரண ரயில்பாதையில் இதற்காக வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போடுகிறார்கள். ஆனால் அந்த உயரம் ஏதேனும் ஒரு வேகத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். வேகம் குறைந்தால் உள்பக்கம் சாய்வோம், கூடினால் வெளிப்பக்கம் தள்ளப்படுவோம். தொங்கும் பெட்டியோ ஒவ்வொரு வேகத்துக்கும் உரிய சாய்வைத் தானே தேடிக்கொள்கிறது. அதற்கு உணரியும் வேண்டாம், கணினியும் வேண்டாம், புவியீர்ப்பே போதும் என்பதில் எனக்கு இன்றும் தீராத மகிழ்ச்சி உண்டு.

பெட்டியைச் சாய்க்கும் அதே தன்மை, காற்றடித்தாலும் அதை ஆட்டும். அதனால் ஊசலை ஓரளவுக்கு மேல் போகவிடாமல் தடுத்தாக வேண்டும். வூப்பர்டாலில் அந்த எல்லை 15 பாகை. ஜப்பானிய வகையில் அதிர்வடக்கிகள் பெட்டியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துவைக்கின்றன. இந்தத் தன்மையை அடக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு கோவாவின் மட்கான் சாட்சி. அங்கே கொங்கண் ரயில்வே 1.6 கிலோமீட்டர் நீளத்துக்குச் சோதனைப் பாதை அமைத்து, ஸ்கைபஸ் என்ற பெயரில் தொங்கு ரயிலை ஓட்டிப் பார்த்தது. 2004 செப்டம்பர் 25 அன்று சோதனை ஓட்டத்தின்போது பெட்டி ஊசலாடித் தூணில் மோதியதில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். திட்டம் அதன்பின் எழவேயில்லை. 2013இல் முற்றாகக் கைவிடப்பட்டது.

வூப்பர்டாலுக்குத் திரும்புகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பெயரில் ஒரு நகரமே கிடையாது. வூப்பர் என்ற சிற்றாற்றின் குறுகிய பள்ளத்தாக்கில் எல்பர்ஃபெல்ட், பார்மன் என்ற இரண்டு நகரங்கள் முட்டி மோதிக்கொண்டு வளர்ந்திருந்தன. நெசவும் சாயமும் அவற்றின் தொழில்கள். பேயர் நிறுவனம் 1863இல் பார்மனில் சாயம் தயாரிக்கத்தான் தொடங்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். தெருக்களில் இன்னொரு தடம் போட இடமில்லை. நிலத்தடியில் பாறையும் நீரும் இருந்ததால் சுரங்கம் தோண்டுவதும் எளிதல்ல. பள்ளத்தாக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எவரும் வீடு கட்டாத ஒரே நீள் துண்டு நிலம், ஆறுதான்.

கொலோன் நகரத் தொழிலதிபர் ஓய்கன் லாங்கன் அந்தத் துண்டைத் தன் ரயிலுக்கு உரிய இடமாகக் கண்டார். சர்க்கரை ஆலைகள் நடத்தியவர். நிக்கோலஸ் ஆட்டோவோடு கூட்டுச் சேர்ந்து வாயு எஞ்சின் செய்து விற்றவர். தன் தொங்கு ரயிலைக் கொலோனில் சோதித்துக் காட்டினார்; ஆனால் கட்டுமானம் தொடங்கும் முன்பே, 1895இல், இறந்துபோனார். பணி 1898இல் தொடங்கியது. 1900 அக்டோபரில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் சோதனைப் பயணம் செய்தார்; 1901 மார்ச் 1 அன்று முதல் பகுதி மக்களுக்குத் திறக்கப்பட்டது; 1903இல் முழுப் பாதையும் நிறைவடைந்தது. மொத்தம் 13.3 கிலோமீட்டர், 20 நிலையங்கள். அதில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், ஆற்றின் இரு கரைகளிலும் காலூன்றிச் சாய்ந்து நிற்கும் இரும்புக் கால்களின்மேல், நீருக்கு 12 மீட்டர் உயரத்தில் செல்கிறது. இரு நகரங்களும் அண்டை ஊர்களும் 1929இல்தான் ஒரே நகராட்சியாயின. அந்த நகரங்கள் ஒன்றாவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே ரயில் அவற்றை ஒன்றாகக் கோத்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

பெர்லினிலும் இந்த முறை பேசப்பட்டது, ஆனால் கட்டப்படவில்லை. பெருநகரத்துக்குச் சுரங்கம் தோண்டவும் அகன்ற சாலைமேல் சாதாரண மேம்பாதை எழுப்பவும் வழியிருந்தது. டிரெஸ்டனில் மட்டும் 1901 மே மாதத்திலேயே, லாங்கனின் அமைப்பில், மலைச்சரிவில் ஏறும் 274 மீட்டர் நீளத் தொங்கு ரயில் ஒன்று திறக்கப்பட்டது. கம்பிவடத்தால் இழுக்கப்படும் அது இன்றும் ஓடுகிறது.

வூப்பர்டால் ரயிலில் ஏறியவர்களுக்கு ஒரு யோசனை: பெட்டியின் கடைசி இருக்கைக்குப் போய்விடுங்கள். பாதையின் இரு முனைகளிலும் ரயில் வளையமாகச் சுற்றித் திரும்புவதால், அது எப்போதும் ஒரே பக்கம் பார்த்தே ஓடுகிறது. ஆகவே ஓட்டுநர் அறை முன்புறம் மட்டும் இருந்தால் போதும்; பின்பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. அங்கே உட்கார்ந்தால், இரும்புச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்குமேலிருந்து உருவிக்கொண்டு பின்வாங்குவதும், கீழே கூழாங்கற்கள் தெரியும் ஆழத்தில் ஆறு ஓடுவதும் காணக் கிடைக்கும். தொழிற்சாலைகளின் முதுகுப் பக்கங்கள், நீரில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை, பாலங்களின் அடிவயிறு என்று ஒரு நகரம் பொதுவாக மறைத்துவைக்கும் பக்கத்தைத்தான் இந்த ரயில் காட்டுகிறது. மேற்கே ஆறு விலகிப்போனதும் பாதை ஃபோவிங்கல் பகுதியின் தெருவுக்குமேல் ஏறிவிடுகிறது. அங்கே உயரம் 8 மீட்டர்தான். மாடிச் சன்னல்கள் முகத்துக்கு நேரே வருகின்றன. பூந்தொட்டியையும் திரைச்சீலையையும் பார்த்துவிட்டு, பார்த்திருக்கக் கூடாதோ என்று கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த ரயிலைப் பற்றி எழுதும் எவரும் யானையைத் தவிர்க்க முடியாது. நானும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950 ஜூலை 21 அன்று ஆல்ட்ஹாஃப் சர்க்கஸ்காரர்கள் விளம்பரத்துக்காக டுஃபி என்ற குட்டியானையை ரயிலில் ஏற்றினார்கள். மிரண்ட யானை பக்கச்சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. சிறு காயங்களோடு பிழைத்து, பிறகு 1989வரை வாழ்ந்தது. விழுந்த இடத்துக்கு அருகே ஒரு கட்டடச் சுவரில் அதன் ஓவியம் இருக்கிறது.

1999 ஏப்ரல் 12 அன்று நடந்ததை அவ்வளவு எளிதாகச் சொல்லிக் கடக்க முடியவில்லை. அதுவரை 98 ஆண்டுகளாக இந்த ரயிலின் விபத்தில் பயணி ஒருவர்கூட இறந்ததில்லை. பழைய இரும்புச் சட்டங்களைப் படிப்படியாக மாற்றும் பெரும் புதுப்பிப்புப் பணி அப்போது நடந்துகொண்டிருந்தது. வார இறுதி வேலை முடிந்தபோது, சட்டத்தைத் தற்காலிகமாக இறுக்கிப் பிடிக்கத் தண்டவாளத்தில் பொருத்தியிருந்த இரும்புக் கவ்வி ஒன்றைக் கழற்றாமல் விட்டுவிட்டார்கள். விடியற்காலையில் வந்த முதல் ரயில் அதில் மோதியது. முன் சக்கரச் சட்டகம் பிய்ந்து, பெட்டி ஆற்றில் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், 47 பேர் காயமடைந்தார்கள். தொங்குவது ஆபத்து என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. தண்டவாளத்தில் மறந்துவைத்த இரும்பு எந்த ரயிலையும் கவிழ்க்கும் என்பது என் பதில். ஆனாலும் அந்தப் பதில் முழுமையானதல்ல. தரையில் தடம்புரளும் பெட்டிக்குக் கீழே நிலம் இருக்கிறது. இங்கே வெட்டவெளிதான் இருக்கிறது. சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கவே கூடாது என்ற ஒற்றை நிபந்தனையின் மேல் இந்த அமைப்பு முழுவதும் தொங்குகிறது.

இதைவிட மெதுவாக அரிக்கும் குறை ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் இல்லாத ரயிலுக்கு வேறெங்கிருந்தும் உதிரிப்பாகம் வராது. 2018 நவம்பர் 18 அன்று மின்சாரம் தரும் தண்டவாளம் ஏறத்தாழ 350 மீட்டர் நீளத்துக்குக் கழன்று விழுந்தது, எவருக்கும் காயமில்லை. ஆனால் ரயில் மீண்டும் ஓடியது 2019 ஆகஸ்ட் 1 அன்றுதான். அடுத்த ஆண்டு, புதிய தலைமுறைப் பெட்டிகளின் சக்கரங்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேய்ந்ததால், ஏறக்குறைய ஓராண்டுக்கு வார இறுதிகளில் மட்டும் ரயிலை ஓட்டினார்கள். நாளொன்றுக்குச் சுமார் 80,000 பேர் நம்பியிருக்கும் சேவை அது. சாதாரண டிராம் வண்டியாக இருந்திருந்தால் அண்டை நகரத்தில் இரவல் கேட்டிருக்கலாம்.

தனியொருவனாய் இருப்பதன் துயரம் ஜார்ஜ் பென்னி என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கதையில் இன்னும் கூர்மையாகத் தெரியும். 1930இல் கிளாஸ்கோவுக்கு அருகே மில்கை என்ற இடத்தில், இருக்கும் ரயில்பாதைக்கு மேலேயே சட்டங்களை நிறுத்தி, முன்னும் பின்னும் விமான உந்துவிசிறி பூட்டிய ஒரு பெட்டியை அதில் தொங்கவிட்டார். சன்னல்களுக்குத் திரைச்சீலை, தரைக்குக் கம்பளம் என்று உள்ளே ஆடம்பரம் வேறு. பாதையின் நீளமோ ஏறத்தாழ 130 மீட்டர். வேகத்தை நிரூபிக்க அதில் இடமே இல்லை. முதலீடு வரவில்லை, 1937இல் அவர் திவாலானார், 1956இல் சட்டங்கள் பழைய இரும்பாகப் போயின. எந்த ஊரின் எந்தச் சிக்கலுக்கு அது தீர்வு என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரர்களும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் சறுக்கினார்கள், பொறியியல் நேர்த்தியாக இருந்தும். பாரிஸ் மெட்ரோவின் ரப்பர் டயர் அனுபவத்தை அடிப்படையாகக்கொண்டு, லூசியன் ஷாடன்சன் என்ற பொறியாளரின் வழிகாட்டலில், மிஷ்லின், ரெனோ முதலிய நிறுவனங்கள் சேர்ந்த குழு 1960 வாக்கில் லுவார் ஆற்றங்கரையில் ஒரு சோதனைப் பாதையை அமைத்தது. குழுவின் பெயரின் முதலெழுத்துகளால் சாஃபேஜ் முறை எனப்பட்ட அதில்தான் பெட்டி உத்தரமும் அடியிலுள்ள பிளவும் வந்தன. பாதை உத்தரத்துக்குள் ஒளிந்துகொள்வதால் மழையும் பனியும் டயரைத் தொடுவதில்லை. ரப்பர் என்பதால் சத்தமும் குறைவு. தடம் மாற்றுவதிலும் ஒரு வசதி உண்டு. சேண வகையில் தடம் மாற்ற உத்தரத்தையே நகர்த்தவோ வளைக்கவோ வேண்டும். இங்கே உத்தரம் அசையாமல் நிற்க, அதனுள்ளே வழிகாட்டும் தகடு மட்டும் நகர்ந்தால் போதும். இத்தனை இருந்தும் பிரான்ஸில் ஒரு வணிகப் பாதைகூட எழவில்லை. உரிமம் பெற்ற மிட்சுபிஷி அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனது.

அங்கே அதற்கு ஏற்ற நிலம் கிடைத்தது. ஓஃபுனாவிலிருந்து எனோஷிமாவரை 6.6 கிலோமீட்டர் செல்லும் ஷோனான் மோனோரயில் 1970இல் ஓடத் தொடங்கி 1971இல் முழுமையடைந்தது. குன்றுகளும் குடியிருப்புகளும் மாறிமாறி வரும் நிலம். அகலப்படுத்த முடியாத சாலை. அதன்மேல் ஒற்றைத் தடம். எதிரெதிர் ரயில்கள் இடையிலுள்ள நிலையங்களில் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்கின்றன. நான் அதில் போனது மழை நாளில். கீழே கார்களின் கண்ணாடித் துடைப்பான்கள் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்க, நனையாத தடத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகம்வரை எட்டும் அந்த ரயில், மேட்டிலேறிப் பள்ளத்தில் இறங்கி, திடீரென்று மலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. தொங்கும் ரயில் குகைக்குள் போவதில் ஏதோ முறைகேடு இருப்பதுபோல் ஒரு கணம் தோன்றியது. பள்ளிச் சீருடையில் நின்ற மாணவர்கள் ஒரு கையால் வளையத்தைப் பிடித்தபடி ஒவ்வொரு வளைவுக்கும் முன்னதாகவே முழங்காலைத் தளர்த்திக்கொண்டார்கள். நான் மட்டும்தான் தடுமாறினேன்.

சீபா நகரத்தின் ரயில் இதே முறையில் 1988இல் தொடங்கியது, 15.2 கிலோமீட்டர் நீளத்தோடு உலகின் மிக நீளமான தொங்கு மோனோரயில் என்று கின்னஸ் பதிவு அதைக் குறிக்கிறது. ஜெர்மனியில் டார்ட்மண்ட் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்களை 1984 முதல் ஓட்டுநரில்லாத தொங்கு ரயில் இணைக்கிறது. அதே தொழில்நுட்பம் 2002 முதல் டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் 2.5 கிலோமீட்டர் ஓடுகிறது. இவை எவையும் பெருங்கூட்டத்தைச் சுமக்கும் ரயில்கள் அல்ல. சீபாவில் வண்டிக்கு இரண்டு பெட்டிகள்தான். ஒரு மெட்ரோ ரயில் ஒரு தடவையில் அள்ளிக்கொள்ளும் கூட்டத்துக்கு இவை பல நடை வர வேண்டும்.

கட்டுமானச் செலவைப் பேசுபவர்கள் தூணின் உயரத்தைக் குறையாகச் சொல்வார்கள். அது சரியே. கீழே லாரி போக ஏறக்குறைய 5 மீட்டர் விட வேண்டும். அதற்குமேல் பெட்டி, அதற்குமேல் தொங்கு கருவி, அதன் பிறகுதான் உத்தரம். ஆக, சுமையைத் தாங்கும் தலைப்பகுதி 9, 10 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. உயரம் கூடக் கூடத் தூணின் அடியும் அடித்தளமும் பருக்க வேண்டும். ஆனால் இதன் மறுபக்கத்தை எவரும் அதிகம் சொல்வதில்லை. தூண் உயர்ந்தாலும் நடைமேடை தாழ்ந்துவிடுகிறது. சேண வகையில் பயணி உத்தரத்தின் பருமனையும் தாண்டி ஏற வேண்டும். இங்கே பெட்டியின் தரை, சாலைக்கு விட்ட இடைவெளி முடிந்தவுடனேயே தொடங்கிவிடுகிறது. முழங்கால் வலியோடு படியேறுபவருக்கு அந்த இரண்டு மீட்டர் சிறிய செய்தியல்ல.

படியிறங்க வழியில்லாத இடத்தில் ரயில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்கு இன்னும் மனநிறைவு தராத பகுதி. மேம்பாதை மெட்ரோவில் ஓரத்து நடைபாதையில் இறங்கி நடக்கலாம். தொங்கும் பெட்டியின் கதவுக்கு வெளியே நடக்க எதுவும் இல்லை. தீயணைப்பு ஏணியோ, உதவிக்கு அருகில் வந்து நிற்கும் இன்னொரு ரயிலோதான் கதி. இரண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆற்றின்மேல் நின்றுவிட்டால் ஏணி வண்டி அணுகுவதும் கடினம்.

இதற்கிடையே இரண்டு செய்திகள் எதிரெதிர்த் திசையில் வந்தன. சீனாவின் வூஹான் நகரில் 2023 செப்டம்பரில், 10.5 கிலோமீட்டர் நீளமும் ஆறு நிலையங்களும் கொண்ட புதிய தொங்கு ரயில் திறக்கப்பட்டது. காட்சிக்கு வசதியாகப் பெட்டியில் கண்ணாடித் தரையும் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில், டோக்கியோவின் உவேனோ உயிரியல் பூங்காவில் 1957 முதல் இருந்த ஜப்பானின் முதல் மோனோரயில் முறைப்படி மூடப்பட்டது. வூப்பர்டால் முறையை ரப்பர் டயருக்கு மாற்றிச் செய்யப்பட்ட அதன் பாதை வெறும் 300 மீட்டர்தான். பெட்டிகள் பழசாகி 2019இலேயே ஓட்டம் நின்றிருந்தது. வூஹான் ரயில் காட்சிக்குக் கட்டப்பட்டதா, தேவைக்குக் கட்டப்பட்டதா என்பதை அதன் முப்பதாம் ஆண்டில்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

ஃபோவிங்கல் கடைசி நிலையம். எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள், கதவு மூடிக்கொள்கிறது. கீழே தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தபோது, ஆளில்லாத ரயில் வளையத்தில் மெல்லச் சுற்றத் தொடங்கியிருந்தது. சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசும் கீச்சொலி நீளமாக வந்தது. ஏற்றிவந்த எடை இறங்கிவிட்டதால் பெட்டி இலேசாகவே ஆடியது. சுற்றி முடிந்து அது மறுபக்க நடைமேடைக்கு வந்து நின்றபோது, காத்திருந்தவர்களில் முதலாவது ஆள் காலெடுத்து வைத்தார். பெட்டி அவருக்கும் இசைந்து சற்றே விலகிக்கொடுத்தது.